காற்றுப் பட்டன்

இதில் வரும் எண்கள் ஒன்றையும் நான் மாற்றவில்லை. நேரம், வினாடி, அம்மாவின் ஆக்சிஜன் அளவு எல்லாம் அந்தந்த நாளிலேயே நோட்டில் எழுதியவை. ஞாபகத்திலிருந்து எழுதியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். எனக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு பாட்டில் தண்ணீரை மூன்று தடவை சோதித்துவிட்டுத்தான் முடிவைத் தாளில் ஏற்றுவேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் சொல்லலாம். எண் தப்பு என்று சொல்ல முடியாது.

என் பெயர் பிஜி. வயது இருபத்தாறு. திருவனந்தபுரம் கைமனத்தில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் நானும் அம்மாவும் மட்டும் இருக்கிறோம். அம்மா சுசீலாபாய்க்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வரும் நோய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காலையும் மாலையும் அம்மாவின் விரலில் கிளிப் மாட்டி அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். 94 இருந்தால் நிம்மதி. 88க்குக் கீழே போனால் உடனே கொண்டு வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன மழைக்காலத்தைத் தாண்டியதே பெரிது, இந்த மழைக்காலத்தை ஜாக்கிரதையாகக் கடக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

அம்மா முப்பது வருஷம் சபைப் பாடற்குழுவில் பாடியவள். இப்போது ஒரு வரி பாடினாலே இரைக்கும். "பாட முடியலன்னா போட்டும், ராகமாவது காதுல விழட்டும்" என்றாள் ஒருநாள். அதற்காகத்தான் 2023 ஆகஸ்டில் கன்சர்டினா வகுப்பில் சேர்ந்தேன்.

கன்சர்டினா என்றால் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற ஆறு பக்கப் பெட்டி. நடுவில் தோல் துருத்தி. இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பட்டன்கள். பட்டனை அமுக்கிக்கொண்டு பெட்டியை உள்ளே தள்ளினால் ஒரு சுரம். அதே பட்டனில் வெளியே இழுத்தால் வேறொரு சுரம். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது. வீட்டு ஜெபங்களுக்கு இதுதான் வசதி என்று பாப்பனங்கோட்டில் ஒரு சபை மண்டபத்தில் கற்றுக்கொடுத்தார்கள். திங்களும் வியாழனும் மாலை 6.30 முதல் 7.45 வரை. கற்றுக்கொடுத்தவர் செல்வின் அண்ணன். பகலில் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. முப்பது வயதுதான். வாய் ஓயாமல் கிண்டல்.

முதல் வகுப்பிலேயே அவர் சொன்னது ஒரு பாட்டு அல்ல, ஒரு பழக்கம். வலது கட்டைவிரலுக்கு நேராகத் தனியாக ஒரு பட்டன் இருக்கும். அதில் சுரம் கிடையாது. அமுக்கினால் சத்தமில்லாமல் காற்று மட்டும் போய்வரும். அது காற்றுப் பட்டன். வாசித்து முடித்ததும் அதை அமுக்கி, உள்ளே இருக்கிற காற்றை முழுக்க வெளியே விட்டு, துருத்தியை நன்றாக மூடி, அதன்பிறகே வாரைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் இந்த ஊர் ஈரத்துக்குத் தோல் மடிப்பெல்லாம் கெட்டுப்போகும். நாங்கள் ஆறு பேரும் வகுப்பு முடியும்போது வரிசையாக அந்தப் பட்டனை அமுக்குவோம். ஆறு பெட்டியும் ஒன்றாக மூச்சு விடுவது மாதிரி இருக்கும்.

அந்த ஆறு பேரில் ஒருவர் தாசையன் அங்கிள். எழுபதைத் தாண்டியவர். அவர் தெருவிலேயே இருந்த ரெஷ்மா தன் ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு வருவாள். ரெஷ்மாவுக்கு என் வயது. அவளும் படிக்கத்தான் வந்தாள். அங்கிள் மட்டும் படிக்கவே இல்லை. கையில் பெட்டியை வைத்துக்கொண்டு மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார்.

அக்டோபர் 9, திங்கள். இடைவேளையில் டீ குடிக்கும்போது அம்மாவின் நோயைப் பற்றிச் சொன்னேன். அங்கிள் எல்லாவற்றையும் கேட்டார். எந்த அறை, எத்தனை ஜன்னல், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட இடம் உண்டா... பிறகு தன் பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தார்.

அது போன்ற ஒரு கன்சர்டினாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வகுப்பில் இருப்பவை எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வரும் பிளாஸ்டிக் சாமான்கள். இது முழுக்கக் கையால் செய்தது. இரண்டு முகப்பும் ஈட்டி மரம். அதில் தலைமுடி கனத்துக்குக் கொடியும் இலையுமாக அறுத்து எடுத்திருந்தார்கள். இலைகளில் ஒன்று போல் இன்னொன்று இல்லை. எலும்புப் பட்டன்கள் முப்பது, ஒவ்வொன்றின் தலையும் விரல் பட்டுப் பட்டு மெழுகு மாதிரி வழுவழுத்திருந்தது. துருத்தியில் ஆறு மடிப்பு, ஆட்டுத்தோல். மூலைகளில் தோலைச் சீவி ஒட்டியிருந்த இடம் தெரியவே இல்லை. விரல் வைத்துத் தடவியும் எனக்குத் தெரியவில்லை. செய்தவரின் பெயர் எங்கும் இல்லை.

செல்வின் அண்ணன் அதில் ஒரு பட்டனை மெதுவாகத் தொட்டு இழுத்தார். அரை அங்குலம்கூட இழுத்திருக்க மாட்டார். சுரம் வந்துவிட்டது. எங்கள் பெட்டிகளில் முதலில் ஒரு சீறல் வரும், பிறகுதான் சுரம். இதில் சீறலே இல்லை. பேச வாயெடுத்த மாதிரி நேராகக் குரல்.

"எந்த ஊர்ல கிட்டிச்சு அங்கிள், இந்தச் சாதனம்?" என்றார் அண்ணன்.

அங்கிள் தன் டீயைக் குடித்து முடித்து டம்ளரை ஓரமாக வைத்தார்.

நல்ல பெட்டியா என்று பார்க்க அண்ணனிடம் ஒரு சோதனை உண்டு. ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். எந்தப் பட்டனையும் தொடக்கூடாது. மறுபக்கம் தன் கனத்தில் மெதுவாகக் கீழே இறங்கும். முழுக்க விரிய எத்தனை வினாடி ஆகிறதோ, அவ்வளவுக்குக் காற்றுக் கசிவு குறைவு. எங்கள் பெட்டிகள் ஆறு ஏழு வினாடியில் விழுந்துவிடும். இதைத் தொங்கவிட்டபோது நான்தான் போனில் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன்.

31 வினாடி.

"இது பெட்டி இல்ல, மாமியாராக்கும். பிடிச்சா விடாது" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். அங்கிளும் சிரித்தார். பிறகு, எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டு, பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"வீட்டுக்குக் கொண்டு போ மக்களே. தினமும் ஒரு பாட்டு, அம்மைக்குப் பக்கத்துல இருந்து வாசி. வாசிச்சு முடிச்சா முழுக்க மூட வேண்டாம், கேட்டியா. ஒரு விரல் அளவு விட்டு வாரைக் கட்டு. காற்றுப் பட்டனைத் தொட வேண்டாம். அதுக்க தோலு பழசாக்கும்."

செல்வின் அண்ணன் சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிர். ஒரு நொடி அண்ணனைப் பார்த்தேன். அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். சாமான் அவருடையது, அவருக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டேன். நான் எப்போதும் அப்படித்தான். என் சந்தேகத்தை விட மற்றவர்களின் சொல் எனக்குப் பெரிது.

அக்டோபர் 10, செவ்வாய். மாலை 6.50. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவளுக்குப் பிடித்த சாயங்காலப் பாட்டை வாசித்தேன். நான் இரண்டு மாதம் படித்தவள். அந்தப் பெட்டியில் வாசிக்கும்போது இரண்டு வருஷம் படித்தவள் மாதிரி இருந்தது. தாழ்ந்த சுரங்கள் மார்புக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தன. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "யாரோ பக்கத்துல இருந்து பாடின மாதிரி இருந்துச்சு" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் இரைத்தாள்.

ஒரு விரல் விட்டு வாரைக் கட்டினேன். கட்டுவதற்கு முன், வெறும் ஆசைக்கு, தொங்கவிட்டுப் பார்த்தேன். 33 வினாடி. அம்மாவின் அளவு 93. இரண்டையும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். எழுதும்போது எந்த எண்ணமும் இல்லை. அந்தப் பக்கத்தில் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

புதன். 36 வினாடி. அம்மா 92.

வியாழக்கிழமை வகுப்பில் செல்வின் அண்ணனிடம் கேட்டேன். பெட்டி பழகப் பழகக் காற்றை அதிகமாகப் பிடிக்குமா? மழை ஈரத்தில் தோல் ஊறும், கசிவு குறையும், நாலைந்து வினாடி கூடுவது சாதாரணம் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அங்கிள் பக்கத்தில்தான் இருந்தார். அம்மாவைப் பற்றி விசாரித்தார். பக்கத்தில் இருந்துதானே வாசிக்கிறாய் என்று இரண்டு தடவை கேட்டார். அன்று அவர் முகம் திங்கட்கிழமையை விடத் தெளிவாக இருந்தது.

வெள்ளி. 41 வினாடி. அம்மா 91.

சனி. 48 வினாடி. அம்மா 90.

அன்று இன்னொன்றையும் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் கட்டினேன். சனிக்கிழமை காலையில் பார்த்தால் இரண்டு விரல் இருந்தது. வார் முறுக்கேறி, கொக்கி இருந்த துளை நீண்டிருந்தது. 'நானே தவறாகக் கட்டியிருக்கலாம்' என்று பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று மாலை டாக்டருக்குப் போன் செய்தேன். மழைக்காலத்தில் இப்படி இறங்கும், மருந்தின் அளவைக் கூட்டலாம், 88ஐ மறக்காதே என்றார். 88க்கு இன்னும் இரண்டுதான் இருந்தது.

ஞாயிறு மாலை 5.20. தாசையன் அங்கிள் வீட்டுக்கு வந்தார். எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. நான் கூட இரண்டாவது மாடியில் ஒரு முறை நிற்பேன். படியில் அவர் பேச்சுக் குரல் கேட்டது. கீழே யாரிடமோ பேச ஆரம்பித்தவர் அந்தப் பேச்சோடு மேலே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் பேச்சு. உள்ளே வந்து உட்காரும்போதும் பேச்சு. மழை, ரோடு, ரெஷ்மாவின் ஸ்கூட்டர், சபைத் தேர்தல்...

அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த கன்சர்டினாவின் துருத்தி மேல் உள்ளங்கையை வைத்தார். ஜுரம் பார்க்கிற மாதிரி. வாசிக்கச் சொல்லவில்லை. டீ குடித்தார், போனார்.

அவர் படியிறங்கிப் போனபின் அம்மா என் கையைப் பிடித்தாள். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அந்த ஆளு... பேசும்போது... நடுவுல மூச்சு... இழுக்கவே இல்ல மக்களே. கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. மூச்சுக்குக் கஷ்டப்படுகிறவர்கள்தான் அதைக் கவனிப்பார்கள்.

அன்று வாசிக்கவே எனக்கு மனம் இல்லை. அம்மாதான் கேட்டாள். வாசித்தேன். 57 வினாடி. அம்மா 89.

அப்போதுதான் நோட்டில் அந்த இரண்டு வரிசையையும் சேர்த்துப் பார்த்தேன். 33, 36, 41, 48, 57. பக்கத்தில் 93, 92, 91, 90, 89. வியாழன் வகுப்பு இருந்ததால் நான் வீட்டில் வாசிக்கவில்லை. அன்று அம்மாவின் அளவு இறங்கவும் இல்லை.

தற்செயல் என்று எழுதினேன். அடித்தேன். திரும்ப எழுதினேன்.

அக்டோபர் 16, திங்கள். நல்ல மழை. வகுப்பு இல்லை என்று செல்வின் அண்ணன் மதியமே செய்தி அனுப்பியிருந்தார். இனி வாசிப்பதில்லை, மழை விட்டதும் பெட்டியை அங்கிளிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மாலை 6.40. கடைசியாக ஒரு முறை தொங்கவிட்டுப் பார்த்தேன். வாசிக்காத நாளில் கூடுகிறதா என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்டாப்வாட்ச் ஓடியது. முப்பது. அறுபது. தொண்ணூறு. ஒரு மடிப்புகூட இறங்கவில்லை. கை வலித்தது. மூன்று நிமிஷத்தில் நிறுத்தினேன். அது தொங்கவே இல்லை. என் கையை அது பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

வாரை இறுக்கிக் கட்டி மேசையில் வைத்தேன். அம்மாவின் அளவு 88.

6.52. கரண்ட் போனது.

ஆக்சிஜன் மெஷின் நீளமாக ஒரு தடவை கத்திவிட்டு நின்றது. இந்த ஏழு நாளும் அதன் இரைச்சலில் வேறு எதுவும் கேட்டிருக்காது. இப்போது அறை அமைதியானது. வெளியே மழை. உள்ளே அம்மாவின் மூச்சு. அதோடு... இன்னொன்று.

போன் டார்ச்சைப் போட்டேன். இந்த மாதிரி நேரத்துக்கென்று ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தோம். 6.55க்குள் குழாயை மாற்றிவிட்டேன். தண்ணீர்க் குப்பியில் குமிழிகள் வந்தன. காற்று வந்தது. குழாயை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகுதான் அம்மாவுக்கு மாட்டினேன்.

அளவு ஏறவில்லை. 87. 86.

7.01. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். கரமனையில் ரோட்டில் தண்ணீர், இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

84.

"அம்மா, மெதுவா... உள்ள இழு. என்னைப் பாரு."

அவள் இழுத்தாள். நெஞ்சு ஏறியது. ஆனால் முகம் மாறவில்லை. காலிப் பாத்திரத்தைச் சாய்த்துக் குடிக்கிற மாதிரி.

அப்போது அந்த இன்னொரு சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஸ்ஸ்...

மேசைப் பக்கமிருந்து.

ஸ்ஸ்...

டார்ச்சைத் திருப்பினேன்.

வாரின் கொக்கி பிய்ந்து கிடந்தது. கன்சர்டினா ஒரு மடிப்பு விரிந்திருந்தது.

அம்மா மூச்சு விட்டாள். அது இன்னொரு மடிப்பு விரிந்தது.

அம்மா மூச்சு இழுக்க முயன்றாள். அது அசையாமல் இருந்தது.

அம்மா விட்டாள். அது விரிந்தது.

மூன்று தடவை பார்த்தேன். நான் எதையும் மூன்று தடவை பார்ப்பவள்.

7.09. அளவு 81.

போனைக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். கனமாக இருந்தது. இரண்டு கையாலும் மூடப் பார்த்தேன். சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஒரு சுரப் பட்டனை அமுக்கித் தள்ளினேன். சுரம் வரவில்லை. இன்னொன்றை... அதிலும் வரவில்லை.

தோல் சூடாக இருந்தது.

79.

அம்மாவின் உதடு டார்ச் வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரிந்தது. அவள் கண் என் கையில் இருந்ததைப் பார்த்தது. பேச முடியவில்லை. கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். மடக்கினாள். திரும்பத் தூக்கினாள்.

கட்டைவிரல்.

7.14. காற்றுப் பட்டனை அமுக்கினேன்.

முதலில் ஒன்றும் இல்லை.

பிறகு வந்தது.

சூடான காற்று. என் முகத்தில். யூகலிப்டஸ் தைல மணம். அம்மா ராத்திரி நெஞ்சில் தேய்க்கிற தைலம்.

பட்டனை விடவில்லை.

காற்று நிற்கவில்லை. மணம் மாறியது. பீடி மணம். எங்கள் வீட்டில் யாரும் பீடி குடிப்பதில்லை.

இன்னும் வந்தது. கஷாய மணம்.

இன்னும். குழந்தைகளுக்குப் போடுகிற பவுடர் மணம்.

இன்னும்...

துருத்தி மெதுவாக மூடியது. ஆறு மடிப்புள்ள சின்னப் பெட்டியில் அவ்வளவு காற்று இருக்க முடியாது. ஸ்டாப்வாட்சைத் தொட எனக்குக் கை ஒழியவில்லை. போன் திரையில் 7.14 மாறி 7.15 ஆனதைப் பார்த்தேன். 7.16 ஆனதையும் பார்த்தேன்.

'டக்' என்று இரண்டு மர முகப்பும் ஒட்டிக்கொண்டன.

அம்மா மூச்சு இழுத்தாள்.

நீளமாக. முங்கி எழுந்தவள் மாதிரி.

84. 89. 93. 96.

ஆம்புலன்ஸ் வந்தது 7.31க்கு. கரண்டும் வந்துவிட்டிருந்தது. வந்தவர்கள் அம்மாவின் விரலில் தங்கள் கிளிப்பை மாட்டிப் பார்த்தார்கள். 96தான். நோயாளி எங்கே என்று மலையாளத்தில் என்னைக் கேட்டார்கள். பயந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

7.50. ரெஷ்மா போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

தாசையன் அங்கிள் இறந்துவிட்டார். ரெஷ்மா அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறாள். கரண்ட் இல்லையென்று மெழுகுவர்த்தி கொடுக்கப் போனவளை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தாராம். பேச்சு நடுவில் நின்றது. வாய் திறந்தபடி மூச்சு வெளியே வர ஆரம்பித்தது.

"மூச்சு விட்டாரு பிஜி. விட்டுட்டே இருந்தாரு. உள்ள இழுக்கல. நான் அடுக்களைக்கு ஓடி, செம்புல தண்ணி பிடிச்சு, திரும்பி வந்தேன். அப்பவும் போயிட்டே இருந்துச்சு. மெழுகுவர்த்தி அணைஞ்சுபோச்சு..."

நேரம் கேட்டேன். ஏழே கால் என்றாள்.

அடக்கத்துக்குப் போனேன். பெட்டியையும் கொண்டு போனேன். அவருடைய மகளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அப்பாவிடம் இப்படி ஒரு சாமான் இருந்து தான் பார்த்ததே இல்லை, வேறு யாருடையதாகவோ இருக்கும் என்றாள். கடைசியில் செல்வின் அண்ணன் வாங்கிக்கொண்டார். மறுநாள் அதைத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று வினாடியில் விழுந்திருக்கிறது. துருத்தியில் மடிப்புக்கு மடிப்பு வெடிப்பு. விரல் நுழைகிற அளவு. வெடிப்பின் விளிம்பெல்லாம் கறுத்து, தேய்ந்து... பத்து வருஷமாவது ஆகியிருக்கும் என்றார். வகுப்பில் 31 வினாடி நின்றதை அவரும் பார்த்தார். அதைப் பற்றி அவர் இப்போது கிண்டல் செய்வதில்லை.

நான் ஒரு மனிதரைக் கொன்றேனா என்று பலநாள் யோசித்தேன். ஒரு பட்டனை அமுக்கினேன். பாட்டு முடிந்ததும் எல்லோரும் அமுக்குகிற பட்டன். அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 20. அம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆக்சிஜன் மெஷினை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று மாடியையும் அவளே இறங்கினாள். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்தபின் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்.

சரியாகிவிட்டது என்று சொல்வார் என நினைத்தேன்.

அவர் அம்மாவுக்குப் பார்த்த கிளிப்பை எடுத்து, அது சரியாக வேலை செய்கிறதா என்று தன் விரலில் மாட்டிப் பார்த்தார். 98. என் விரலில் மாட்டினார். 98. பிறகு படத்தில் இருந்த பெயரை வாசித்தார். தேதியை வாசித்தார். ஜூலையில் எடுத்த பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"பிஜி, இந்த ரெண்டு படத்துல புதுசுதான் மோசம். ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணும் மிச்சம் இல்ல. இந்தப் படத்துல இருக்கிற ஆளு நடக்க முடியாது. பேச முடியாது."

இரண்டு படத்தையும் உறைக்குள் போட்டார்.

"உங்க அம்மா மூச்சு விடுறது இந்த நுரையீரலால இல்ல" என்றார்.

கதவுக்கு வெளியே அம்மா பக்கத்தில் இருந்த யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பேச்சு மூச்சுக்காக எங்கும் நிற்கவில்லை.